முழுகாம இருக்கேன்னா குளிக்கச் சொல்லுது

கொடைக்கானல் மலையில் உள்ள பூம்பாறையில் காலை ஏழு மணிக்கு நகத்தைப் படம் எடுத்தேன். "உங்கள் ஹீமோகுளோபின் 9.6. உடனே மருத்துவரை அணுகவும்" என்றது போன். டீக்கடையில் சூடான கிளாஸைப் பத்து நிமிடம் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துவிட்டு மறுபடி எடுத்தேன். 11.8. இடையில் நான் சாப்பிட்டது ஒரு டீயும் ஒரு வர்க்கியும்தான்.

பெண்களின் உடல்நலத்துக்கென்று வரும் ஏஐ செயலிகளில் மூன்றைப் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மேல்மலையில் இரண்டு வாரம் சுற்றினேன். 'கிராமத்துப் பெண்ணுக்கும் கைக்கெட்டும் மருத்துவம்' என்பதுதான் மூன்றின் விளம்பரமும். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. அடுத்த அப்டேட்டில் எல்லாமே மாறிவிடக்கூடும். நான் பார்க்கப் போனதும் இந்த வகைச் செயலிகள் மலையில் தாக்குப்பிடிக்குமா என்பதைத்தான்.

நகம் பார்க்கும் செயலிக்குப் பின்னால் இருப்பது நல்ல அறிவியல். ரத்தசோகை உள்ளவர்களுக்கு நகத்தடி வெளிறும். தோல் கறுப்போ சிவப்போ, அந்த இடத்தில் நிறமி குறைவு என்பதால் கேமராவுக்கு அது தோதான இடம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் ராப் மன்னினோ என்ற ஆராய்ச்சி மாணவர் இதை வைத்து ஒரு செயலி செய்து 2018-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அவருக்கே பீட்டா தலசீமியா. ரத்தம் ஏற்றிக்கொள்வதற்கு முன்னும் பின்னும் தன் நகங்களையே படம் எடுத்துப் பார்த்துச் சீராக்கிய செயலி அது. ஒரு துளி ரத்தம்கூட எடுக்காமல் கிடைக்கும் அந்த அளவு 2.4 கிராம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று கட்டுரையிலேயே சொல்லியிருந்தார்கள். என் போனில் இருந்தது அவர்களுடையது அல்ல, அதே வழியில் வந்த இன்னொன்று. அதில் இந்த எச்சரிக்கையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

குளிரில் விரல் நுனி ரத்தக்குழாய்கள் சுருங்கும், நகம் வெளிறும். அதுதான் என் 9.6. போகட்டும், வெயில் ஏறிய பிறகு எடுக்கலாம். ஆனால் இங்கே பெண்கள் விடிந்ததும் கேரட் கழுவப் போகிறவர்கள், பூண்டு பிரிக்கிறவர்கள். பகல் முழுக்க நகத்தில் மண்ணோ கறையோ இருக்கும், வீட்டில் விசேஷம் என்றால் மருதாணி. பூண்டு பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போனை நீட்டினேன். மூன்று முறை "வெளிச்சம் போதவில்லை" என்றது. நான்காவது முறை அவரே கையை இழுத்துக்கொண்டார். "போதும்க்கா, இது என் நகத்துல அழுக்கு இருக்குன்னு ஊருக்கே சொல்லும் போல."

குளிரைவிடப் பெரிய கோளாறு உயரம். மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜன் குறைவதால், அங்கேயே வாழ்கிறவர்கள் உடம்பு சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கி ஈடுகட்டும். கீழே 11 என்பதும் மலையில் 11 என்பதும் ஒன்றல்ல. உலக சுகாதார நிறுவனம் 2024-ல் திருத்திய அட்டவணைப்படி 1,500 மீட்டரைத் தாண்டிய ஊர்களில் குடியிருப்பவருக்கு அளந்து வரும் எண்ணிலிருந்து 1.1 கிராமையும், 2,000 மீட்டருக்கு மேலென்றால் 1.4 கிராமையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். கொடைக்கானல் டவுன் 2,100 மீட்டரைத் தாண்டியது. பூம்பாறை இரண்டாயிரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது.

ஏழாம் மாதத்தில் இருந்த ஒரு பெண்ணின் அட்டையில் 11.2 என்று எழுதியிருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்த கணக்கு, தப்பில்லை. அந்த எண்ணைச் செயலியில் போட்டதும் பச்சை வட்டம் போட்டு "நார்மல்" என்று வாழ்த்தியது, 11-தான் எல்லை என்பதால். சின்னக் கழிவான 1.1-ஐ எடுத்தாலே 10.1. அந்தப் பச்சை வட்டம் பொய். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இத்தனை பேருக்கு உள்ள குறையில் மலைக்காரர்களை மட்டும் "நார்மல்" என்று அனுப்பிவைக்கலாமா? இன்ஸ்டால் செய்த முதல் நிமிடமே லொகேஷன் அனுமதி கேட்டு வாங்கிய செயலி இது. பக்கத்து மருந்துக்கடை எது என்று சொல்ல அதைப் பயன்படுத்தியது. நாம் எத்தனை மீட்டர் உயரத்தில் நிற்கிறோம் என்று பார்க்க மட்டும் அதற்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, பேசினால் பதில் சொல்லும் உரையாடி. தமிழ் நன்றாகவே வருகிறது, கொஞ்சம் செய்தி வாசிப்பாளர் தமிழ். "காலு வீங்கிருக்கு, தலவலி விடல, கண்ணு மங்கலாத் தெரியுது, எட்டு மாசம்" என்றேன். ஒரு கேள்விகூடத் திருப்பிக் கேட்காமல், ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம், வீட்டில் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள் என்றது. இதுதான் சரியான பதில். இதே மலையின் சின்னூர், பெரியூர்ப் பக்கம் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகளைப் படித்தவர்களுக்கு, இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்புவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். இதற்காக மட்டுமே இந்தச் செயலிக்குப் பாதி மதிப்பெண் போடலாம்.

மீதிப் பாதியை எங்கே விட்டது? "முழுகாம இருக்கேன், லேசா தீட்டுப்படுது" என்று கேட்டேன். இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அர்த்தம் சொல்வார்கள்: கர்ப்பமாக இருக்கிறேன், ரத்தம் கசிகிறது. அவசரம். செயலியோ, மாதவிடாய் நாட்களில் குளிப்பதால் எந்தத் தீங்கும் இல்லை, தயங்காமல் வெந்நீரில் குளியுங்கள் என்று அன்பாக அறிவுரை சொன்னது. அதன் கணக்கில் நான் மூடநம்பிக்கையால் குளிக்காமல் இருப்பவள். "வீட்டுக்குத் தூரமாயி பதினஞ்சு நாளு, இன்னும் நிக்கல" என்றதற்கு மேப்பைத் திறக்கட்டுமா என்றது. "கர்ப்பமாக இருக்கிறேன், ரத்தப்போக்கு உள்ளது" என்று பாடப்புத்தகத் தமிழில் மாற்றிச் சொன்னதும் சட்டென்று பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது. அப்படிப் பேசத் தெரிந்தவருக்குச் செயலி இல்லாமலே வழி தெரிந்திருக்கும்.

இலவசம் என்பதும் முதல் ஐந்து கேள்வி வரைக்கும்தான். அதற்குமேல் மாதச் சந்தா. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு வாங்கக் காசு வேண்டாம் என்பதைச் சந்தா வசூலிப்பவர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை.

மூன்றாவது, மாதவிடாய் நாள் குறிக்கும் செயலி. கணிப்பு பரவாயில்லை. ஆனால் மேல்மலையில் பல வீட்டில் ஒரே போன், அதுவும் வீட்டுக்காரர் சட்டைப்பையில். 'நாளை தொடங்கலாம்' என்ற அறிவிப்பு யார் கையில் ஒளிரும்? இதே வகையில் உலகப் பிரபலமான 'ஃப்ளோ' செயலி பயனர்களின் விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றுடன் பகிர்ந்ததாக எழுந்த புகாரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் 2021-ல் சமரசம் செய்துகொண்டது. இந்த மூன்றாவதை ஒரு வாரத்தில் அழித்துவிட்டேன்.

ஏஐ வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. டாக்டர் அபர்ணா ஹெக்டே 2008-ல் மும்பையில் தொடங்கிய 'அர்மான்' அமைப்பு, கர்ப்பிணிகளுக்குப் போனில் குரல் தகவல் அனுப்புகிறது. சாதாரண பட்டன் போன் போதும். கேட்பதைப் பாதியில் விட்டுவிடக்கூடியவர் யார் என்று கணிக்கத்தான் கூகுள் ஆய்வாளர்களுடன் சேர்ந்து அங்கே ஏஐ வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு மனுஷி போன் போட்டுப் பேசுகிறார். சென்னை ஐஐடி, ஃபரிதாபாத்தின் டிஎச்எஸ்டிஐ நிறுவனத்துடன் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட 'கர்பிணி-ஜிஏ2' ஸ்கேன் அளவுகளிலிருந்து கருவின் வயதைச் சொல்கிறது. மேலைநாட்டுக் கருக்களை வைத்து எழுதிய சூத்திரங்கள் இந்தியப் பெண்களுக்குப் பிசகுகின்றன என்பதால் இந்தியக் கர்ப்பிணிகளின் விவரங்களை வைத்தே உருவாக்கியது. கடைசியாகக் குளித்த தேதி நினைவில்லை என்று வருபவருக்கு இது பெரிய உபகாரம். இரண்டையும் கர்ப்பிணி டவுன்லோட் செய்ய வேண்டியதில்லை.

கிளம்புகிற அன்று கிராம சுகாதார செவிலியர் ஒருவரிடம் போனைக் கொடுத்தேன். நகம் பார்ப்பதை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எங்கிட்ட ஊசி இருக்கு மேடம். கண்ண இழுத்துப் பாத்தாலே பாதி தெரிஞ்சிரும்." பச்சை வட்டத்தையும் மலைக் கணக்கையும் காட்டியபோது சிரிப்பு நின்றது. அட்டவணையைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "இது நாம பேசுறத எழுதுமா?"

எழுதும் என்றேன். நாள் முழுக்கப் பார்த்தவர்களைப் பதிவேட்டில் ஒரு தடவை, கர்ப்பிணிகளைப் பதியும் அரசின் பிக்மி இணையதளத்துக்காக ஒரு தடவை என்று ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறவர் அவர். உரையாடியைத் திறந்து, மைக்கை அழுத்தி, ஒரு கர்ப்பிணியின் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், கொடுத்த மாத்திரை என்று மூச்சுவிடாமல் சொன்னார். பத்து வரியில் எட்டு சரி. பூம்பாறையைப் 'பூ பாறை' என்று போட்டிருந்தது. ஒன்பதாவது வரியில் 110/70 என்பது 170 ஆகியிருந்தது.

"இத விட்டா நான் மாட்டிக்குவேன்" என்று அந்த எண்ணை விரலால் தட்டித் திருத்தினார். அப்புறம், "எந்த ஆப்பு மேடம் இது, பேர் சொல்லுங்க."