மலாக்கா வழிபாட்டில் மூன்று மரபுகள்

மலாக்காத் தமிழர் வழிபாட்டை ஒரே மரபாக எண்ணுவோர் உண்டு. செட்டி சமூகத்தார், நகரத்தார், தோட்டத் தமிழர் என மூன்று மரபுகள் இங்கே அருகருகே வாழ்கின்றன. தெய்வங்கள் பெரும்பாலும் பொது. மொழியும் முறையும் வேறு.

மூத்தது செட்டி மரபு. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்கள், உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கிவிட்டார்கள். காஜா பேராங்கில் இருக்கும் கம்போங் செட்டியில் வீட்டு நிலைகளில் மாவிலைத் தோரணம் ஆடும். பிள்ளை, நாயக்கர், படையாச்சி என்ற பட்டங்கள் இன்னும் பெயரோடு வரும். பேச்சு மலாய், பெண்களின் உடை சாரோங் கெபாயா. 1822-இல் எழுந்த முத்துமாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் நடக்கும் அம்மன் திருவிழாவைத் ‘தாத்தோ சாச்சார்’ என்பார்கள். அம்மை நோயிலிருந்து காத்தவளுக்கான விழா அது.

அடுத்தது நகரத்தார் மரபு. வட்டித்தொழிலோடு கோயில் நிர்வாகத்தையும் கொண்டுவந்தவர்கள் இவர்கள். பூசை காலம் தவறக்கூடாது, கணக்கு பிசகக்கூடாது என்பதே இவர்களின் அளவுகோல். தெய்வநாயகம் செட்டிக்கு டச்சு அரசு அளித்த நிலத்தில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் செட்டி சமூகத்தின் சொத்து, நிர்வாகமோ நகரத்தாரிடம். மாசி மகத்தன்று முருகன் அங்கிருந்து தேரேறிச் செங் சன்னாசிமலைக்குப் புறப்படுகிறார். ஒரு கோயிலுக்குள்ளேயே இரண்டு மரபுகள் இணங்கிப் போவதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது தோட்ட மரபு. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டபோது மலாயாவின் ரப்பர் வணிகமும் தொடங்கியது. பின்னர் அசகான், ஜாசின், அலோர் காஜா என்று தோட்டங்கள் பெருக, கங்காணிகள் அழைத்துவந்த குடும்பங்கள் லயத்துக்குப் பக்கத்திலேயே மாரியம்மனையும் முனீஸ்வரனையும் மதுரை வீரனையும் குடியேற்றினார்கள். காலையில் பால் வெட்டியவரே மாலையில் பூசாரி. கரகம், உறுமி, தீமிதி, நேர்த்திக்கடன் ஆகியவை இதன் இலக்கணம். ஆகமம் தெரியாது; சாமிக்குச் சொன்ன வாக்குத் தவறாது.

முன்னோர் வழிபாட்டில் இந்த மரபுகளின் ஒற்றுமையும் வேற்றுமையும் நன்றாகத் தெரியும். செட்டி வீடுகளில் பொங்கலுக்கு முந்தைய நாள் ‘போகி பார்ச்சு’. வாழையிலையில் சோறு, சம்பால், மீன் பிண்டாங், பலகாரம் எல்லாம் பரப்பி, சாம்பிராணி காட்டி, இறந்தவர்களை அழைக்கிறார்கள். ஆண்டின் நடுவில் பழங்களுக்கென்றே இன்னொரு பார்ச்சு உண்டு. தோட்டத்து வீடுகளில் இதே படையல் தீபாவளிக்கு முதல் நாள். கோழிக்கறி, முறுக்கு, புதுத்துணி. தாத்தா பீர் குடித்தவர் என்றால் அதுவும் ஒரு பாட்டில். அழைப்பது ஒன்றே, நாளும் கறியும்தான் வேறு.

‘செட்டிமாருக்குத் தமிழே வராது, அவர்களது என்ன வழிபாடு?’ என்று கேட்பவர்களும், ‘தோட்டத்துச் சாமிக்கு ஆகமம் ஏது?’ என்று முகம் சுளிப்பவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் சீனரையும் ஜப்பானியரையும் பார்க்கட்டும். ஆவிகளுக்குப் படைக்கும் பௌத்தச் சடங்கு சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போனது. சீனர் அதை ஏழாம் மாதத்தில் பசித்த ஆவிகளுக்கான விழாவாகத் தெருவில் நடத்துகிறார்கள். குடும்பக் கல்லறைக்கு ஏப்ரல் தொடக்கத்தில் சிங் மிங் என்று தனி நாள் வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் அந்தச் சடங்கு, முன்னோரை விளக்கேற்றி வீட்டுக்கு வரவேற்கும் ஓபோன் ஆயிற்று. ஓபோனைக் கெட்டுப்போன சீனச் சடங்கு என்று விவரம் தெரிந்த யாரும் சொல்வதில்லை. ஒரு மரபை அதன் அளவுகோலாலேயே அளக்க வேண்டும்.

அப்படி அளந்தால் மூன்றும் தேறும். செட்டி மரபு மொழியை இழந்தும் நாளை மறக்கவில்லை. நகரத்தார் மரபு ஒழுங்கைக் காத்தது. தோட்ட மரபு கூலிக் காசில் கோயிலைக் கட்டிக் காத்தது. ஆனால் காலூன்ற நிலம் இல்லாதது மூன்றாவதுதான். தோட்டம் துண்டாடப்பட்டால் முதலில் கேள்விக்குள்ளாவது கோயில்தான். ஆகவே ஒவ்வொரு தோட்டக் கோயில் நிர்வாகமும் தன் கோயில் எழுந்த ஆண்டு, முதல் பூசாரி, திருவிழா முறை, நிலத்தின் நிலை ஆகிய நான்கையும் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டுகிறோம். அடுத்த மலருக்கு அதைவிடச் சிறந்த கட்டுரை வேறில்லை.