உள்ளேன் டீச்சர்: ஒரு வகுப்பறை, ஒரு வாரம், இரண்டு பெயர்கள்

1

தமிழகத்துக் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி ஒன்றில், மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படிக்கும் ஒரு குழந்தை, ஒரு வாரத்தில் என்ன கற்றுக்கொள்கிறது? ஆசிரியையின் பாடக்குறிப்பேட்டைப் புரட்டினால் பதில் தயாராக இருக்கும். தமிழில் ஒரு பாடம், கணக்கில் கழித்தல், அறிவியலில் நீர், ஆங்கிலத்தில் ஒரு பாட்டு. பங்குச் சாமியாரைக் கேட்டால் வேறு பட்டியல் தருவார்: விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனை, புது நன்மைக்கான தயாரிப்பு. இரண்டு பட்டியலுமே உண்மைதான். இரண்டிலும் எழுதப்படாத மூன்றாவது பாடம் ஒன்றும் வாரம் முழுக்க நடக்கிறது. எங்கே எந்தப் பெயரால் கூப்பிட்டால் எழுந்து நிற்கவேண்டும் என்கிற பாடம் அது. இக்கட்டுரை அந்தப் பாடத்தைப் பற்றியது.

வகுப்பறையைப் பிரதியாக வாசிக்கலாம் என்று சொன்னால் இப்போது யாரும் ஆச்சரியப்படப்போவதில்லை. ஃபூக்கோ 1975இல் வெளிவந்த தண்டனை குறித்த நூலில் கால அட்டவணையின் பூர்வீகம் துறவி மடங்களில் இருப்பதைக் காட்டிவிட்டார். லசால் சபையாரின் பள்ளிகளில் வாய்ச்சொல்லுக்குப் பதிலாகச் சைகையும் தட்டொலியும் குழந்தைகளின் உடலை இயக்கியதையும் அங்கே படிக்கிறோம். நம்மூர் ஆர்.சி. பள்ளியில் அந்தப் பூர்வீகம் மறைந்திருக்கவில்லை, கண்ணெதிரே நிற்கிறது. ஒரே காம்பவுண்டுக்குள் கோவிலும் பள்ளியும். பல ஊர்களில் பங்குச் சாமியாரே தாளாளர். உதவிபெறும் பள்ளியென்றால் ஆசிரியைக்குச் சம்பளம் அரசாங்கம், நியமனம் மறைமாவட்டம்.

வாரமும் இரண்டு வாரமாக ஓடுகிறது. அரசின் வாரம் திங்களில் தொடங்கி வெள்ளியில் முடிகிறது. திருச்சபையின் வாரத்தில் செவ்வாய் அந்தோனியாருக்கு, புதன் பல ஊர்களில் சகாயமாதாவுக்கு, வெள்ளி திரு இருதயத்துக்கு, சனி மாதாவுக்கு. பன்னிரண்டு மணிக்கு மணியடித்தால் மூவேளை செபம், அதை ஒட்டியே சத்துணவு. பிள்ளைகளுக்கு இதில் குழப்பம் எதுவும் கிடையாது. குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது.

2

திங்கட்கிழமை காலை வருகைப் பதிவேடு. பெயர் கூப்பிடக் கூப்பிட ‘உள்ளேன் டீச்சர்’. அது முடிந்ததும் பல பள்ளிகளில் இன்னொரு விசாரணை: “நேத்து பூசைக்கு வராதவங்க எந்திரிங்க.”

இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் குழந்தையைப் பார்ப்போம். அவளுக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வோம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அவள் செல்வி, மதம் இந்து, சாதி பட்டியல் சாதிகளுள் ஒன்று. எமிஸ் எண்ணுக்குப் பின்னாலும் அதே பெயர்தான். கோவிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் அவள் ஆரோக்கியமேரி. பதிவேட்டின்படி அவள் பூசைக்குப் போகவேண்டிய பிள்ளையே இல்லை. கோவில் புத்தகத்தின்படி போகாதது பாவம். இப்போது எழுந்து நிற்பதா, உட்கார்ந்தே இருப்பதா?

கற்பனைச் சிக்கலென்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். சேரிகளில் இது ஊரறிந்த ரகசியம். காரணமும் தெரிந்ததுதான். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்னும் தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அதைத் திறந்துவிட்டது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் அந்தக் கதவு மூடியே இருக்கிறது. ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவரானவர்களைத் தமிழக அரசு, மாறியது எந்தத் தலைமுறையில் என்றாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. சில கல்விச் சலுகைகளை அவர்களுக்கும் நீட்டித்திருக்கிறது. பட்டியல் சாதியினருக்கான இட ஒதுக்கீடும், தனித்தொகுதியும், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் மட்டும் ஞானஸ்நானத் தொட்டிக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன. ஒரே தெரு, ஒரே பாட்டி, ஒரே குடிநீர்க் குழாய். ஆனாலும் பெரியப்பா மகள் பட்டியல் சாதி, சித்தப்பா மகள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. இந்தக் கணக்கைப் பெற்றோர் போட்டுப் பார்க்கிறார்கள். பள்ளியில் சேர்க்கும் நாளில் குழந்தை செல்வியாகிறாள்.

3

அல்தூஸர் 1970இல் எழுதிய கருத்தியல் அரசு எந்திரங்கள் பற்றிய கட்டுரையை நம் சிறுபத்திரிகைகள் பலமுறை பேசியாயிற்று. கூப்பிடுதலின் வழியாகவே தன்னிலை உருவாகிறது என்பது அதன் மையம். தெருவில் போலீஸ்காரன் கூப்பிட, திரும்பிப் பார்க்கிறவன் அந்தக் கணத்தில் தன்னிலையாகிறான். இதற்கு அவர் விரிவாக எடுத்துக்கொள்ளும் உதாரணம் கிறிஸ்தவ மதம்: கடவுள் மோசேயைப் பெயர் சொல்லி அழைப்பது, அவன் பதில் சொல்வது. பிறக்கும் முன்பே தந்தை பெயரோடு ஓர் இடம் குழந்தைக்காகக் காத்திருக்கிறது என்றும் சொல்கிறார். ஒருகாலத்தில் கோவிலும் குடும்பமும் சேர்ந்து செய்த வேலையை முதலாளியச் சமூகத்தில் பள்ளியும் குடும்பமும் செய்கின்றன என்பது அவருடைய இன்னொரு முடிவு.

செல்வியின் வகுப்பறையில் இந்த இரண்டு முடிவுகளும் இடறுகின்றன. முதலாவது, இங்கே பள்ளி வந்து கோவிலை நகர்த்திவிடவில்லை. இரண்டும் ஒரே காம்பவுண்டில், ஒரே குழந்தையை, வேறு வேறு பெயரில் கூப்பிடுகின்றன. இரண்டாவது, அல்தூஸரின் தன்னிலைக்குப் பெயர் ஒன்றுதான். கூப்பிட்டால் ‘ஆமாம், நான்தான்’ என்று அது ஒப்புக்கொள்கிறது. செல்வியோ ஒவ்வொரு முறையும் ஒரு நொடி நிதானிக்கிறாள். கூப்பிடுவது யார், பக்கத்தில் இருப்பது யார், அதிகாரி யாராவது வந்திருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு பிறகு திரும்புகிறாள். எட்டு வயதுப் பிள்ளைக்குள் இருக்கிற இந்த நொடிக்கு அந்தக் கட்டுரையில் இடமில்லை. அதிகாரத்தின் அழைப்பை முழுசாக நம்பாத ஒரு காது இங்கே பழக்கப்படுகிறது. எழுத்தறிவுக்கு முந்தி வருகிற அரசியல் அறிவு இது.

பள்ளி இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. பள்ளியில்தான் கற்கவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

4

வாரத்தின் உச்சக்கட்டம் மறைக்கல்வி வகுப்பு. அரசியல் சட்டம் 28(3), அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் யாரையும், சிறுவர் என்றால் பாதுகாவலரின், சம்மதமில்லாமல் மதபோதனையில் பங்கெடுக்க வைக்கக்கூடாது என்கிறது. நல்ல சட்டம். அதைக் காப்பாற்றப் பள்ளிகள் வழக்கமாகச் செய்வது வகுப்பை இரண்டாக்குவது. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி. “கத்தோலிக்கப் பிள்ளைங்க எல்லாம் பக்கத்து ரூமுக்குப் போங்க.” மனச்சாட்சியைக் காக்க வந்த விதி வகுப்பறையில் ஆள்பிரிக்கும் எந்திரமாகிறது. யார் எழுந்து போகிறார்கள் என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். செல்வி தன் உடம்பால் பதில் சொல்லியாக வேண்டும்.

பக்கத்து ரூமில் நடப்பதன் வடிவமும் கவனிக்கத் தக்கது. வினாவிடை. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலான ‘தம்பிரான் வணக்கம்’ (கொல்லம், 1578) ஒரு ஞானோபதேசப் புத்தகம். அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’ கேள்வி பதிலாகவே அமைந்தது. இரண்டையும் தமிழாக்கியவர் என்றிக்கே என்றீக்கஸ். அதற்கும் முன்பே, 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் பிள்ளைகளுக்கு மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்து, வீட்டில் போய்ப் பெற்றோருக்குச் சொல்லுங்கள் என்று அனுப்பினார். தமிழ் அச்சின் பிறப்பே இந்த வகுப்பறைக்குப் பக்கத்தில்தான். பிற்பாடு ஆறுமுக நாவலர் சைவத்தைக் காக்க எடுத்த ஆயுதமும் இதே வினாவிடை வடிவம்தான் என்பது இதன் வலிமைக்குச் சான்று. கேட்பவருக்குப் பதில் முன்பே தெரியும். பதில் சொல்பவரிடம் கேள்வி கிடையாது. ஞானோபதேசம் மறைக்கல்வி ஆயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று, பூசை திருப்பலி ஆயிற்று. சொற்கள் தமிழாகின. கேள்வி இன்னும் ஒரு பக்கமிருந்துதான் வருகிறது.

புது நன்மைக்குத் தயாராகும் செல்வி பத்துக் கற்பனையில் எட்டாவதைப் படிக்கிறாள். பொய்யைத் தடுக்கும் கற்பனை அது. அடுத்தது பாவசங்கீர்த்தனம். தம்பியைக் கிள்ளினேன், அம்மாவிடம் பொய் சொன்னேன் என்று பட்டியல் போடச் சொல்கிறார்கள். பதிவேட்டில் இருக்கும் பெயரை அந்தப் பட்டியலில் சேர்ப்பதா? இந்தக் கேள்விக்கு எந்த வினாவிடையிலும் விடை இல்லை. கேட்டால் டீச்சர் என்ன சொல்வார்? டீச்சருக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருப்பார். வகுப்பில் ‘செல்வி’, பக்கத்து ரூமில் ‘ஆரோக்கியம்’ என்று தானும் மாற்றி மாற்றிக் கூப்பிடுவார். வாரம் முழுக்க அந்த வகுப்பறையில் நடக்கும் காரியங்களில் மிக மனிதத்தன்மை உள்ளது அந்த மௌனம்தான். திருச்சபைக்கு மிக வசதியானதும் அதுதான்.

5

‘சலுகைக்காக வேஷம் போடுகிறார்கள்’ என்கிற குரல் இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் மறுக்கப்பட்டதை உறுதிசெய்தது. கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானமும் கோவிலுக்குப் போய்வரும் பழக்கமும் அவருக்கு எதிரான சான்றுகளாயின. வேலைக்காக மட்டும் இந்து என்பது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது தீர்ப்பு. அப்படியானால், ‘நேத்து பூசைக்கு வந்தியா?’ என்ற திங்கட்கிழமைக் கேள்வி இனி வெறும் பக்தி விசாரணை அல்ல. அதற்குக் குழந்தை சொல்லும் பதில் இருபது வருஷம் கழித்து சாட்சியமாகலாம்.

இரட்டைப் பெயர் தலித்துகள் கண்டுபிடித்த தந்திரமா? 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பைப் பாருங்கள். பெற்றோர் கிறிஸ்தவப் பெயர் வைக்க இணங்காவிட்டால், அவர்கள் வைக்கும் பெயரோடு ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து, இரண்டையும் ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதும்படி பங்குச் சாமியாருக்குச் சொன்னது அது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு, கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே செல்வி என்ற பெயரிலேயே ஞானஸ்நானம் வாங்கலாம், தடையில்லை. ஒரு ஆளுக்கு இரண்டு பெயர் எழுதும் பழக்கம் முதலில் கோவில் புத்தகத்தில் இருந்தது.

இன்னொரு முரணையும் சொல்லியாக வேண்டும். ஞானஸ்நானத் தண்ணீர் சாதியைக் கழுவிவிடும் என்று இன்றைக்கு உறுதியாக நம்புவது ரோமாபுரி அல்ல, டில்லி. திருச்சபைக்குத் தன் அனுபவத்திலேயே தெரியும், கழுவாது என்று. வடக்கன்குளத்தில் சாதி பிரிக்கக் கோவிலுக்குள் எழுந்த சுவர் 1910இல்தான் இடிந்தது. 2008இல் எறையூரில் கத்தோலிக்கர் கத்தோலிக்கரைத் தாக்கினர். பாமாவின் ‘கருக்கு’ (1992), கன்னியர் மடத்துக்கும் அது நடத்தும் பள்ளிக்கும் உள்ளே சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை உள்ளிருந்தே எழுதியது. தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பான்மையினர் தலித்துகள். அவர்களுடைய பிள்ளைகள் படிக்கும் மறைக்கல்வியில் இவற்றுக்கு ஒரு பாடம்கூட ஒதுக்கப்படுவதில்லை. நன்னெறி வகுப்பிலும் அப்படித்தான்; அங்கே நேர்மை பற்றிய கதைகளில் பொய் சொல்லும் சிறுவன் கெட்டவன், அத்தோடு கதை முடிந்தது. பிரிந்து உட்கார்ந்த இரண்டு பாதிகளுக்கும் பொதுவான பாடமாக மிஞ்சுவது சாதி பற்றிய மௌனம்.

6

தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலில் சேர்க்கக் கோரி 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆயர்களும் பல ஆண்டுகளாக அதையே கேட்கிறார்கள். கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும். ஆனால் டில்லியைப் பார்த்து நீட்டும் மனுவுக்கு முன்னால் தாளாளர் தன் கையிலேயே இருக்கிற இரண்டு காரியங்களைச் செய்யலாம். ஒன்று, திங்கட்கிழமை பூசை விசாரணையை நிறுத்துவது. அதற்கு எந்தச் சட்டத்திருத்தமும் வேண்டாம். இரண்டு, பிரித்து நடத்தும் அந்த ஒரு பாடவேளையில் மாதத்துக்கு ஒரு தடவையாவது மொத்த வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்து, தெருவைப் பற்றியும் குழாயைப் பற்றியும் சுவரைப் பற்றியும் பேசுவது. அதில் கேள்வியைப் பிள்ளைகள் கேட்கவிடுவது. இதற்கு 28(3) குறுக்கே வராது. குறுக்கே வரக்கூடியவர்கள் யாரென்பது அந்தந்தப் பங்குக்குத் தெரியும்.

அதுவரை செல்வி இரண்டு பெயருக்கும் ‘உள்ளேன்’ சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் சொல்வதில் எது பொய் என்று விசாரிக்கும் யோக்கியதை இந்தப் பதிவேட்டுக்கும் இல்லை, அந்தப் புத்தகத்துக்கும் இல்லை.