தாளைப் பாராத கை

ஒரு நடனச் சித்திரத்தை எதைக் கொண்டு மதிப்பிடுவது? ஆடுபவரின் உடல் எடை அந்தக் கணத்தில் எந்தக் காலில் இருக்கிறது, அடுத்து எங்கே போகப்போகிறது என்பது கோட்டில் தெரிய வேண்டும். முகச்சாயல், நகை, உடை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த அளவுகோலுக்கு முதலில் நிற்பவர் சிற்பி ரோடின். 1906இல் மன்னர் சிசோவத்துடன் கம்போடிய அரசவை நடனப் பெண்கள் பிரான்சுக்கு வந்தார்கள். ஜூலையில் பாரிசில் அவர்கள் ஆடியதைப் பார்த்த ரோடின், அவர்கள் மார்சேய்க்குப் புறப்பட்டதும் பின்தொடர்ந்து போய்விட்டார். அப்போது வயது 65. சில நாட்களுக்குள் ஏறத்தாழ 150 சித்திரங்கள் பிறந்தன. ஆடுபவரைவிட்டுக் கண்ணை எடுக்காமல், தாளைக் குனிந்து பாராமல் பென்சிலை ஓடவிடுவது அவர் பழகிய முறை. அதனால் கை தவறும்; ஒரே முழங்கைக்கு இரண்டு மூன்று கோடுகள் விழும். அவற்றை அவர் பெரும்பாலும் அழிக்கவில்லை. அந்தத் தவறிய கோடுகளில்தான் கை அசைகிறது. பிறகு பூசிய நீர்வண்ணம் எனக்கு இரண்டாம்பட்சமே.

ரோடினின் கூடத்தில் நடனக் கலைஞர் இசடோரா டங்கனைச் சந்தித்த அமெரிக்க ஓவியர் ஏபிரகாம் வாக்கோவிட்ஸ், ஆயிரக்கணக்கான தாள்களில் அவர் ஒருவரையே வரைந்தார். 1927இல் இசடோரா இறந்த பிறகும் நிறுத்தவில்லை. பல வெறும் பழக்கக் கோடுகள்தான். நல்லவற்றில் முகமே இல்லாமல் இடுப்பின் திருப்பம் மட்டும் நிற்கிறது.

ஓவியர் காண்டின்ஸ்கி எதிர்த்திசை. 1926இல் ஷார்லோட் ருடோல்ஃப் எடுத்த புகைப்படங்களிலிருந்து நடனக் கலைஞர் பாலுக்காவின் ஆட்டத்தைச் சில வளைவுகளாகவும் நேர்க்கோடுகளாகவும் சுருக்கினார். தாவலின் கட்டமைப்பு துல்லியமாகத் தெரிகிறது. தாவியவரின் மூச்சு தெரியவில்லை. உறைந்த படத்திலிருந்து தொடங்கியதன் விலை அது.

வாலன்டைன் கிராஸின் பெயர் இந்த வரிசையில் அரிதாகவே வரும். நடனக் கலைஞர் நிஜின்ஸ்கி அமைத்த ‘வசந்தச் சடங்கு’ பாலே 1913இல் பாரிசில் அரங்கேறியபோது, இருண்ட அரங்கில் அமர்ந்து அவசரமாகக் கிறுக்கியவர் அவர். அழகில் அந்தக் கிறுக்கல்கள் ரோடினுக்குக் கிட்டே வரா. ஆனால் சில காட்சிகளோடு அந்த ஆட்டம் மறைந்துபோனது. 1987இல் ஜாஃப்ரி பாலே குழு அதை மீட்டு ஆடியபோது, நடன ஆய்வாளர் மிலிசென்ட் ஹாட்சன் அசைவுகளைத் தேடி எடுத்த ஆதாரங்களில் அந்தக் கிறுக்கல்களும் இருந்தன.