ஆண்டு எழுதாத நாட்குறிப்பு

பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்தில் கப்பலின் வேகத்தை அளக்க மாலுமிகள் ஓர் எளிய முறையைக் கையாண்டனர். முடிச்சுகள் இட்ட கயிற்றின் முனையில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கடலில் எறிவர். மணற்கடிகாரத்தில் மணல் தீர்வதற்குள் எத்தனை முடிச்சுகள் கைவழியே நழுவின என்று எண்ணுவர். அந்தக் கட்டைக்கு ஆங்கிலத்தில் 'லாக்' என்று பெயர். அளவை எழுதி வைத்த புத்தகம் 'லாக் புக்' ஆயிற்று. நாளடைவில் காற்றின் திசை, வானிலை, கப்பலில் நேர்ந்த விபத்து ஆகியவையும் அதில் இடம் பெற்றன. பின்னர் சரக்கு சேதமாகி வழக்கு எழுந்தால், நடந்ததைச் சொல்ல அந்தப் புத்தகமே சாட்சி.

இன்று கணிப்பொறிகளும் லாக் எழுதுகின்றன. இன்டர்நெட்டில் கடிதங்களைப் பெற்று அனுப்புவது, பக்கங்களை எடுத்துக் கொடுப்பது போன்ற பணிகளை இரவு பகலாகச் செய்யும் கணிப்பொறிகளுக்குச் சர்வர் என்று பெயர். அவற்றின் அருகில் பெரும்பாலும் எவரும் அமர்ந்திருப்பதில்லை. நள்ளிரவில் ஒரு பழுது நேர்ந்தால், காலையில் வருபவருக்கு மிஞ்சுவது அந்தச் சர்வர் எழுதி வைத்த குறிப்பு ஒன்றுதான். ஆகவே, எதை எழுதுவது, எவ்வளவு எழுதுவது, எங்கே சேமிப்பது என்று முடிவு செய்வது சிறு வேலையன்று.

இந்த வேலைக்கு உலகெங்கும் மிகுதியாகப் பின்பற்றப்படுவது 'சிஸ்லாக்' என்னும் முறை. இதனை நாம் ஒரே ஓர் அளவுகோலால் மதிப்பிடுவோம். குறிப்பு எழுதப்படுவது இன்று. படிக்கப்படுவது என்றோ ஒரு நாள், சம்பவத்தின்போது அங்கே இல்லாத ஒருவரால். அவருக்கு அது உதவுகிறதா என்பதே நம் கேள்வி.

சிஸ்லாக் பிறந்தது 1980-களின் முற்பகுதியில், அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில். எரிக் ஆல்மன் என்பவர் 'சென்ட்மெயில்' என்னும் கடிதம் கடத்தும் புரோகிராமை எழுதினார். அதற்குத் துணையாக உருவானதே சிஸ்லாக். பின்னர் அது பல யூனிக்ஸ் கணிப்பொறிகளுக்கும் பரவியது.

அதன் அடிப்படைக் கருத்து பாராட்டுக்குரியது. ஒவ்வொரு புரோகிராமும் தனக்கென ஒரு கோப்பு வைத்துத் தன் விருப்பப்படி எழுதினால், நிர்வகிப்பவர் பத்து இடங்களில் பத்து விதமாகத் தேட வேண்டும். சிஸ்லாக் முறையில் புரோகிராம் இரண்டு செய்திகளை மட்டும் சொன்னால் போதும்: இந்தக் குறிப்பு எந்தத் துறையைச் சேர்ந்தது, எவ்வளவு கடுமையானது. அதை எங்கே வைப்பது என்பதைச் சர்வரை நிர்வகிப்பவர் முடிவு செய்வார். எழுதுபவர் வேறு, அடுக்கி வைப்பவர் வேறு என்னும் இந்தப் பிரிவினையே சிஸ்லாக்கின் பெருமை.

துறைகள் 24, அவற்றிற்கு 0 முதல் 23 வரை எண்கள் உண்டு. கடுமை நிலைகள் 8. சுழியம் என்றால் கணிப்பொறியே பயன்படாத அவசரநிலை. 3 என்றால் பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல், 7 பிழைதேடுவோருக்கான நுண்விவரம். எண் குறையக் குறையக் கடுமை கூடும். துறை எண்ணை எட்டால் பெருக்கிக் கடுமை எண்ணைக் கூட்டினால் வருவது அக்குறிப்பின் முகப்பெண். எடுத்துக்காட்டாக, 34 என்று ஓர் எண் வந்தால் அதனை எட்டால் வகுக்கலாம். ஈவு 4, மீதி 2. நான்காம் துறை, அதாவது ஆள் யார் எனச் சரிபார்க்கும் பிரிவு. கடுமை 2, அதாவது இக்கட்டான நிலை. ஒரே எண்ணில் இரு செய்திகள் அடங்கிவிட்டன!

அமைப்புக் கோப்பும் இதே போல் எளிமையானது. ஒரு வரியின் இடப்பக்கம் 'மெயில்.வார்னிங்' என்றும், வலப்பக்கம் ஒரு கோப்பின் பெயரும் எழுதினால், கடிதத் துறையிலிருந்து வரும் எச்சரிக்கைகளும் அவற்றைவிடக் கடுமையானவையும் அக்கோப்பில் சேரும். கோப்புக்குப் பதிலாக வேறொரு கணிப்பொறியின் பெயரை எழுதினால் குறிப்புகள் அங்கே போய்ச் சேரும்.

இனிக் குறைகளுக்கு வருவோம்.

முதலாவது, துறைகளின் பட்டியல். அது தோன்றிய காலத்தின் படமாகவே நின்றுவிட்டது. அச்சுப் பொறிக்கு ஓர் எண் உண்டு. தொலைபேசிக் கம்பி வழியே யூனிக்ஸ் பொறிகள் கோப்புகளைப் பரிமாறிக்கொண்ட பழைய முறைக்கும் ஓர் எண் உண்டு. ஆனால், இன்று உலகமே பயன்படுத்தும் வலைப்பக்கச் சர்வருக்குத் தனி எண் இல்லை! அது 'உள்ளூர்ப் பயன்' என்று ஒதுக்கப்பட்ட எட்டு எண்களில் ஒன்றைக் கடன் வாங்க வேண்டும். ஓர் அலுவலகத்தில் அந்த எண் ஒன்றைக் குறிக்கும். அடுத்த அலுவலகத்தில் வேறொன்றைக் குறிக்கும்.

கடுமை நிலையிலும் இடர் உண்டு. அதை முடிவு செய்பவர் புரோகிராமை எழுதியவர். அவர் ஒரு குறிப்பைத் தனியாகத்தான் பார்க்கிறார். ஒருவர் கடவுச்சொல்லை ஒருமுறை தவறாக இட்டால் அது வெறும் தகவல். ஆனால், ஒரே இரவில் ஆயிரம் தடவை தவறாக வந்தால் அது தாக்குதல். ஆயிரத்தில் ஒவ்வொன்றும் 'தகவல்' என்ற முத்திரையோடுதான் வருகிறது. இடத்தை மிச்சப்படுத்த எண்ணி, எச்சரிக்கைக்குக் கீழ் உள்ளவற்றை எழுதவேண்டாம் என்று அமைத்தவரிடம் அந்த ஆயிரத்தில் ஒன்றுகூட மிஞ்சாது. எழுதிய குறிப்பைப் பின்னால் அழிக்கலாம்; எழுதாத குறிப்பைப் பின்னால் உண்டாக்க முடியாது.

இரண்டாவது குறை, வியப்பூட்டுவது. சிஸ்லாக்கின் பழைய வடிவில் மாதம், தேதி, மணி, நிமிடம், விநாடி எல்லாம் உண்டு. ஆண்டு மட்டும் இல்லை! எந்த நாட்டு நேரம் என்பதும் இல்லை. வழக்கில் இருந்த இந்த முறையை இணையப் பொறியியல் பணிக்குழு 2001-இல் ஆர்.எஃப்.சி. 3164 என்னும் ஆவணத்தில் விவரித்தபோதும் அப்படியே பதிவு செய்தது.

இதனால் வரும் தொல்லையைப் பாருங்கள். லண்டனில் ஒரு சர்வர், நியூயார்க்கில் ஒரு சர்வர் என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் லண்டனில் பிற்பகல் 3 மணி என்றால் நியூயார்க்கில் காலை 10 மணி. முதல் சர்வரில் நுழைந்த ஒருவன் அடுத்த நிமிடமே இரண்டாவதில் நுழைந்தாலும், இரு குறிப்புகளையும் அருகருகே வைத்தால் இரண்டாவது ஐந்து மணி நேரம் முன்பே நடந்ததாகத் தோன்றும். காரணம் பின்னாலும் காரியம் முன்னாலும் வந்துவிடும். மேலும், பிரிட்டனில் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணிக்குத் திருப்பி வைக்கின்றனர். அன்று 1.30 மணி இருமுறை வருகிறது. குறிப்பில் உள்ள 1.30 முதலாவதா, இரண்டாவதா? சொல்வாரில்லை.

இங்கு ஓர் ஐயம் எழலாம். பழைய சாதனத்தைப் பிற்காலக் கண்ணால் பார்த்துக் குறை சொல்வது நியாயமா? நியாயமான கேள்விதான். அக்காலத்தில் சேமிப்பு இடம் விலை மிக்கது. குறிப்பைப் படிப்பவர் பக்கத்து அறையில் இருந்தார். நேற்று நடந்ததை இன்று படித்தார். அவருக்கு இது எந்த ஆண்டு என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால், நம் அளவுகோல் அதுவன்று. என்றோ படிக்கப்போகும் அந்நியரை மறந்ததுதான் பிழை. நாட்குறிப்பில் ஆண்டு எழுதாதவர், தம்மைத் தவிர வேறெவரும் படிக்கமாட்டார் என்று எண்ணியவரே.

2009-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5424 இக்குறையைத் திருத்தியது. ஆண்டு, உலக நேரத்திலிருந்து உள்ள வேறுபாடு, விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வரையிலான நுட்பம் ஆகியவற்றுக்கு அது இடம் தந்தது. ஆயினும் பழக்கம் எளிதில் மாறுவதில்லை. லினக்ஸ் தொகுப்புகளுள் புகழ்பெற்ற டெபியன், தன் பதிவுக் கோப்புகளில் நுட்பமான நேரக்குறிப்பை இயல்பான அமைப்பாக ஏற்றது 2023-இல் வெளியான 12-ஆம் பதிப்பில்தான். பழைய வடிவைப் படிக்கவே எழுதப்பட்ட புரோகிராம்கள் எங்கும் நிறைந்திருந்தால், வடிவை மாற்றுவது எளிதன்று.

மூன்றாவது குறை, குறிப்புகள் வழியில் தொலைவது. வேறு கணிப்பொறிக்குக் குறிப்பை அனுப்பச் சிஸ்லாக் தேர்ந்தெடுத்தது யூ.டி.பி. என்னும் முறை. இது அஞ்சலட்டை போன்றது. போட்டாயிற்று, அவ்வளவுதான், சேர்ந்ததா என்று தெரியாது. அனுப்பியவர் பெயரில் வேறெவரும் ஓர் அட்டையை எழுதிப் போடவும் முடியும். வலையமைப்பில் நெரிசல் மிகும்போது அட்டைகள் தொலைகின்றன. நெரிசல் மிகுவது எப்போது? பெரும்பாலும் பழுது நேரும்போதுதான்! குறிப்பு மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது தொலைகிறது.

வேறு இடத்தில் பத்திரமாகச் சேரும் குறிப்பின் அருமையை அதே பெர்க்லி நகரில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டும். 1986-இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கணிப்பொறிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. கிளிஃபோர்டு ஸ்டோல் என்னும் வானியல் அறிஞர் அதன் காரணத்தைத் தேடப் புகுந்து, எவனோ கள்ளத்தனமாக உள்ளே நுழைவதைக் கண்டார். உயர் அதிகாரம் பெற்றுவிட்ட கள்வன், கணிப்பொறிக்குள் இருக்கும் குறிப்புகளை அழித்துவிட முடியும். ஆகவே ஸ்டோல், வெளியிலிருந்து வரும் கம்பிகளில் அச்சுப் பொறிகளை இணைத்தார். கள்வன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் காகிதத்தில் பதிந்தது. அவன் அதை அறியவுமில்லை, அழிக்கவும் முடியவில்லை. முடிவில் தடயம் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகர்வரை சென்றது.

குறிப்பு சேர்ந்ததற்கு ஒப்புதல் பெறும் டி.சி.பி. முறை பின்னர் வழக்கில் வந்தது. அது பதிவுத் தபால் போன்றது. 2009-இல் மறையீட்டுடன் அனுப்பும் முறையும் வரையறை செய்யப்பட்டது. ஆனால், இவற்றுக்கும் விலை உண்டு. பெறும் கணிப்பொறி நின்றுவிட்டால் அனுப்புபவை காத்திருக்க நேரும். அமைப்பில் கவனம் இல்லாவிட்டால், குறிப்பு எழுத இயலாத காரணத்தாலேயே கடிதச் சர்வரும் நின்றுவிடக்கூடும். எனவே வழியில் ஒரு சேமிப்பு வரிசை அமைத்தல் வேண்டும்.

குறைவாக எழுதுவதன் தீமையைக் கண்டோம். மிகுதியாக எழுதுவதும் தீமையே. 2018 மே மாதம் டுவிட்டர் நிறுவனம் தன் 33 கோடி பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டது. கடவுச்சொல்லை உருத்தெரியாமல் மாற்றும் முன்பே, அது உள்ளபடியே உட்பதிவுக் கோப்பில் எழுதப்பட்டு வந்ததே காரணம். பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாவியின் அச்சை நாட்குறிப்பில் ஒட்டி வைத்த கதைதான் இது!

2021 டிசம்பரில் வேறொரு பாடம் கிடைத்தது. ஜாவா மொழிப் புரோகிராம்களில் குறிப்பு எழுதப் பயன்படும் 'லாக்4ஜே' என்னும் தொகுதி, தான் எழுத வேண்டிய வாசகத்துக்குள் சில குறியீடுகள் இருந்தால் அவற்றைப் பொருள் கொண்டு, வெளிக் கணிப்பொறியிலிருந்து புரோகிராமைக் கொணர்ந்து இயக்கவும் வழி வைத்திருந்தது. தாக்குபவர் தம் பெயருக்குப் பதில் அந்தக் குறியீட்டை அனுப்பினாலே போதும். இக்குறைக்குப் பத்துக்குப் பத்து என்னும் மிக உயர்ந்த அபாய மதிப்பெண் அளிக்கப்பட்டது. எழுத்தர் சொன்னதை எழுத வேண்டும். எழுதும் வாசகத்தின் சொற்படி ஆடலாகாது.

முடிவாக நாம் கூறக்கூடியது இது. எழுதுவதையும் அடுக்குவதையும் பிரித்த சிஸ்லாக்கின் அடிப்படை வலுவானது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அது நிலைப்பதற்கு அதுவே காரணம். அதன் குறைகள் பலவும், பின்னாளில் படிப்பவரை மறந்ததால் வந்தவை. அவற்றைத் திருத்தும் வழிகள் இன்று உள்ளன. ஆனால், அவை தாமாக இயங்குவதில்லை. அமைப்பவர்தான் இயக்க வேண்டும்.

கணிப்பொறி பயிலும் மாணவர்கள் தங்கள் முதல் சர்வரை அமைக்கும்போது ஒரு சோதனை செய்து பார்க்கலாம். எல்லாச் சர்வர்களின் கடிகாரங்களையும் ஒன்றுபடுத்துங்கள். ஆண்டும் நேர மண்டலமும் குறிப்பில் வருமாறு செய்யுங்கள். ஒரு பிரதியை வேறு கணிப்பொறிக்கு அனுப்புங்கள். கடவுச்சொல் எங்கும் எழுதப்படாதபடி பாருங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு சிறு பழுதை உண்டாக்கி, அதைப் பற்றி ஒன்றும் அறியாத நண்பரிடம் குறிப்புகளை மட்டும் கொடுங்கள். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று அவர் சொல்லிவிட்டால் உங்கள் அமைப்பு தேறியது. சொல்ல முடியாவிட்டால், உண்மையான பழுது வரும் இரவுக்கு முன்பாகவே அதைத் திருத்த உங்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது என்று கொள்ளுங்கள்.