65 என்றால் நோயாளி, 60 என்றால் நலம்

நாட்பட்ட களைப்பு நோயை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கேனிலும் தென்படாது. குளித்துவிட்டு வந்தாலே அன்று முழுக்கப் படுத்துக் கிடக்கும் ஒருவரின் நிலையை அவரிடமே கேட்டுத்தான் அறியவேண்டும். எனவே உளவியல் ஆய்வாளர்கள் கேள்விப்படிவத்தை நம்புவதை நான் குறை சொல்லமாட்டேன். எந்தச் சிகிச்சைக்குப் பிறகு அதை நீட்டுகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

2011இல் லான்செட் இதழில் வெளியான பிரிட்டனின் 'பேஸ்' ஆய்வையே பார்ப்போம். 641 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவாக்கினார்கள். எல்லோருக்கும் வழக்கமான மருத்துவம் உண்டு. ஒரு பிரிவுக்கு அதோடு சரி. மற்றவற்றில் ஒன்றுக்குச் சக்திக்கு உட்பட்டு நாளை நடத்தும் பயிற்சி, இன்னொன்றுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, நான்காவதற்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி. கடைசி இரண்டும் பலன் தந்தன என்றது முடிவு. ஆய்வு பெரியது, இடையில் கழன்றுகொண்டவர்கள் குறைவு. அளவுகோல்களை 2007இலேயே அச்சிட்டும் விட்டார்கள். அந்த நேர்மையே பிற்பாடு அவர்களைக் காட்டிக்கொடுத்தது.

உடல் இயக்கத்துக்குக் கேள்விப்படிவத்தில் 100க்கு மதிப்பெண். 65ஓ அதற்குக் கீழோ இருந்தால்தான் ஆய்வில் சேரமுடியும். குணமானதாகக் கொள்ள 85 வேண்டும் என்று முதலில் எழுதியிருந்தார்கள். 2013ஆம் ஆண்டுக் கட்டுரையில் அது 60 ஆகிவிட்டது. 65ஓடு உள்ளே வந்தவர் இன்னும் மோசமாகி 60க்கு இறங்கினாலும் இந்த நிபந்தனையில் தேறிவிடுவார்! பழைய வரம்பு மிகக் கறாரானது என்பது ஆய்வாளர்களின் வாதம். இருக்கட்டும், சேர்க்கை வரம்புக்கும் கீழே போவதற்கு அது நியாயமாகுமா? அந்த இரு சிகிச்சைகளிலும் 22 சதவீதம் பேர் குணமானதாக அக்கட்டுரை சொன்னது. 2016இல் தீர்ப்பாய உத்தரவால் தரவுகள் வெளிவந்தன. பழைய அளவுகோலில் கணக்கிட்டபோது அது ஒற்றை இலக்கத்துக்குச் சுருங்கியது.

வரம்பை மாற்றாமலே இருந்திருந்தாலும் என் சந்தேகம் தீராது. களைப்பைக் கண்டு அஞ்சாதே, அந்த அச்சமே நோயை நீட்டிக்கிறது என்று மாதக்கணக்கில் ஒருவருக்குச் சொல்லித்தருகிறார்கள். பிறகு, 'களைப்பு எப்படி இருக்கிறது?' என்று கேட்கிறார்கள். பதில் மாறினால், மாறியது உடம்பா, பதில் சொல்லும் பழக்கமா? மாத்திரை என்றால் போலி மாத்திரை கொடுத்துச் சோதிக்கலாம். இங்கே அதற்கு வழியில்லை. நெதர்லாந்தில் நடந்த மூன்று ஆய்வுகளில் அசைவை அளக்கும் கருவியைக் கணுக்காலில் கட்டிப் பார்த்தார்கள். படிவத்தில் களைப்பு குறைந்தது, நடமாட்டம் கூடவில்லை. பேஸ் ஆய்வு முடிவை அளக்க அந்தக் கருவியைப் பயன்படுத்தவே இல்லை.

ஆறு நிமிட நடைச் சோதனையில் உடற்பயிற்சிப் பிரிவு சராசரி 379 மீட்டர் நடந்தது, மருத்துவம் மட்டும் பெற்றவர்கள் 348. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அரசு உதவித்தொகை பெறுவோரின் எண்ணிக்கையை எந்தச் சிகிச்சையும் குறைக்கவில்லை. உதவித்தொகைத் துறையும் இந்த ஆய்வுக்குப் பணம் போட்டிருந்தது. நோயாளிகள் இதை முதலிலிருந்தே சந்தேகக் கண்ணோடு பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

2021இல் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு படிப்படி உடற்பயிற்சியைப் பரிந்துரையிலிருந்து நீக்கியது. நடத்தைச் சிகிச்சையை, நோயோடு வாழ உதவும் துணை என்ற அளவில் வைத்துக்கொண்டது. பேஸ் ஆய்வாளர்களின் தரவு தாங்கக்கூடியதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.