படத்தில் பெண், பத்திரத்தில் ஆண்

காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு நிதி கேட்கும் அறிக்கைகளில் என்னை எப்போதும் உறுத்தும் சொல் ஒன்று உண்டு: ‘சமூகம்’. சமூகம் நிலத்தை ஒதுக்கித் தந்தது, சமூகத்துக்கு வருமானம் வந்தது, பெருந்தொற்றில் சமூகம் அந்த வருமானத்தை இழந்தது. 2020இல் ஆப்பிரிக்கச் சுற்றுலா முடங்கியபோது வெளிவந்த வேண்டுகோள்களைப் படிக்கப் படிக்க இந்தச் சொல் மீண்டும் மீண்டும் எதிர்ப்பட்டது. யார் கைக்கு வந்தது, யார் கையைவிட்டுப் போனது என்ற கேள்வியின்மேல் அது ஒரு மூடியைப்போல உட்கார்ந்திருக்கிறது. கென்யாவின் மாசாய் மாராவை வைத்து அந்த மூடியைத் திறந்து பார்க்கிறேன்.

மாராவைத் தொலைக்காட்சி நமக்கு அறிமுகப்படுத்தியிருக்கிறது: ஆற்றைக் கடக்கும் வில்டபீஸ்ட் கூட்டம், நீரில் காத்திருக்கும் முதலை. நரோக் கவுண்டி அரசின் பொறுப்பிலுள்ள காப்பகம் சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். விலங்குகளுக்கு அந்த எல்லை தெரியாது. சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்களிலும் அவை வாழ்கின்றன. மாசாய் குடும்பங்கள் கூட்டாக வைத்திருந்த அந்த நிலங்கள் பின்னர் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனிப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. அந்தத் துண்டுகளை ஒன்றுசேர்த்துச் சுற்றுலா நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடும் ‘கன்சர்வன்சி’கள் அடுத்து உருவாயின. 2006இல் தொடங்கிய ஓலாரே ஒரோக் அவற்றில் முன்னோடி. குத்தகைக்கு விட்ட நிலத்தில் குடியிருக்கக்கூடாது. மாடு மேய்க்கவும் கட்டுப்பாடு உண்டு. பதிலுக்கு, பயணிகள் கூடினாலும் குறைந்தாலும் நிலத்தின் அளவைப் பொறுத்து நிலையான வாடகை. அதுவரை சுற்றுலாப் பணம் உள்ளூராட்சி மன்றத்தோடும் செல்வாக்குள்ள சிலரோடும் நின்றுபோனது. நிலக்காரரின் கணக்குக்கே நேராக வாடகை வந்தது சிறிய மாற்றமல்ல.

ஆனால் நிலக்காரர் யார்? நிலம் பிரிக்கப்பட்டபோது உறுப்பினராகப் பதிவாகியிருந்தவர்கள் பெரும்பாலும் குடும்பத் தலைவர்களான ஆண்கள். கைம்பெண்கள் சிலர் பெயரில் பத்திரம் வந்தது. மற்றப் பெண்களுக்கு அது கணவனின் நிலம், பிறகு மகனின் நிலம். நில விவகாரங்களில் பாலினப் பாகுபாட்டை ஒழிக்க வேண்டும் என்று கென்யாவின் 2010 அரசியல் சாசனம் சொல்கிறது. அது வருவதற்குள் மாராவின் பத்திரங்களில் பெரும்பகுதி எழுதி முடிந்திருந்தது.

இழப்பு மட்டும் பத்திரத்தைப் பார்த்து வரவில்லை. மாசாய் வீட்டைக் கட்டுபவள் பெண். கழி நட்டு, பின்னி, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசுவது அவள் வேலை. குடும்பங்கள் ‘இடம் மாறின’ என்று அறிக்கை ஒரு வரியில் கடந்துபோகும் இடத்தில் ஒரு வீட்டின் உழைப்பு முழுவதும் கிடக்கிறது. பால் கறப்பதும் அதைப் பங்கிடுவதும் அவள் பொறுப்பு. விற்ற பாலின் காசு அவள் கையில் நிற்கும். மேய்ச்சல் தூரமாகி மாடுகள் வீட்டைவிட்டு விலகியிருக்கும் நாட்களில் முதலில் காய்வது அவளுடைய சுரைக்குடுக்கை. விறகுக்கும் தண்ணீருக்கும் யானைகள் உலவும் வழியில் நடப்பவளும் அவள்தான். கென்யாவின் 2013ஆம் ஆண்டுக் காட்டுயிர்ச் சட்டம், விலங்கு தாக்கி இறந்தால் 50 லட்சம் ஷில்லிங், நிரந்தர ஊனத்துக்கு 30 லட்சம் என்று இழப்பீடு வகுத்திருக்கிறது. யானைக்குப் பயந்து சுற்றிப்போன நடைக்கு எந்தச் சட்டத்தில் கணக்கு இருக்கிறது?

சுற்றுலாவில் பெண்களுக்கு இருந்த பங்கு வேறு வகை: மணி கோத்த நகைகளை விற்பது, பயணிகள் வரும்போது பாடுவது, முகாம்களில் துவைத்துப் பெருக்குவது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒப்பந்தம் கிடையாது. 2020 மார்ச் 25 முதல் கென்யா பன்னாட்டு விமானங்களை நிறுத்தியது. ஆகஸ்டில்தான் மீண்டும் அனுமதித்தது. முகாம்கள் மூடின. வாடகையைக் குறைப்பது பற்றி நிறுவனங்களும் நிலக்காரர்களும் பேசினார்கள். பேச ஒரு ஒப்பந்தம் இருந்தது. மணிமாலை விற்றவளுக்கு யாரோடு பேசுவது?

உதவியும் வந்தது. அந்த ஆண்டு மே மாதம் அறிவித்த ஊக்கத் திட்டத்தில் கென்ய அரசு 160 கன்சர்வன்சிகளுக்கு 100 கோடி ஷில்லிங்கும், 5,500 சமூகக் காவலர்களுக்கு இன்னொரு 100 கோடியும் ஒதுக்கியது. குத்தகையைத் தொடர்ந்து கொடுக்கக் கடன் ஏற்பாடுகளும் நடந்தன. வாடகை நின்றால் நிலக்காரர் வேலி போடுவார், உழுவார், விற்பார். சிங்கத்துக்கு வழி அடைபடும் என்பது இதன் பின்னிருந்த வாதம். அது உண்மைதான். மாராவின் பல பகுதிகளில் வேலிகள் ஏற்கெனவே பெருகியிருக்கின்றன. ஆனால் அந்த வாதத்தை மறுபடி வாசியுங்கள். காட்டுக்குக் கேடு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவருக்குப் பணம் தர வேண்டும் என்கிறது அது. வேலி போட முடியாதவள், நிலத்தை விற்க முடியாதவள், அந்தக் காட்டின் நடுவே குடும்பத்தை ஓட்டுகிறவள் இந்தக் கணக்கில் ஆபத்தானவள் அல்ல. அதனாலேயே அவளுக்குத் தர வேண்டியதும் ஒன்றுமில்லை. வீட்டுக்குள் பெண்ணின் உழைப்பு கூலியில்லாமல் போவதற்கு நாம் கேட்டுக்கேட்டுப் பழகிய காரணமும் ஏறக்குறைய இதுதான்: அவள் விட்டுப் போய்விட மாட்டாள்.

நிதி கேட்கும் படங்களில் மட்டும் அவள் முன்வரிசையில் நிற்கிறாள். அம்போசெலியை ஒட்டிய ஓல்குலுலுய் நிலத்தில் 2019இல் எட்டு மாசாய்ப் பெண்களைக் கொண்டு ‘டீம் லயனஸ்’ என்ற காவல் குழு உருவானது. தொற்றுக் காலத்தில் அவர்கள் விடுப்பின்றி, மாதக்கணக்கில் குழந்தைகளைப் பார்க்காமல் காவல் காத்தார்கள்; அந்தச் செய்தி உலகம் சுற்றியது. ஜிம்பாப்வேயில் 2017இல் தொடங்கிய ‘அகாஷிங்கா’ பெண் காவலர் படை, கைம்பெண்களையும் கைவிடப்பட்டவர்களையும் வன்முறையிலிருந்து மீண்டவர்களையும் தேடிச் சேர்த்தது. அவர்களுடைய துயரமே நன்கொடை கேட்கும் கதையாவது எனக்குச் சங்கடம் தருகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சம்பளம் அவர்கள் பெயரில் வருகிறது. பத்திரத்தைத் தேடிப் போகும் வாடகையைவிட, உழைத்தவளைத் தேடி வரும் சம்பளம் எனக்கு நேர்மையாகப் படுகிறது. எட்டுப் பேருக்குச் சம்பளம், எட்டாயிரம் பேருக்குச் சுவரொட்டி என்று அது நின்றுவிடக்கூடாது.

வேறு முயற்சியும் மாராவிலேயே இருக்கிறது. 2016இல் தொடங்கிய நஷுலாய், மக்களை வெளியேற்றாமல் ஆட்களும் மாடுகளும் விலங்குகளும் ஒரே நிலத்தில் இருக்கும் முறையைத் தேர்ந்தது. 2020இல் அதற்கு ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது. வீடு அங்கேயே இருக்கிறது, பசுவும் அங்கேயே இருக்கிறது. அதனாலேயே அங்கு பெண்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முகாம் மூடிய மறுநாள் பால் இருக்கும் என்ற அளவில் அது மேலான திட்டம்.

சுற்றுலாவை மட்டும் நம்பியிருக்க முடியாது என்ற பாடத்தோடு இப்போது புதிய வருமானங்கள் பேசப்படுகின்றன. மேய்ச்சலை ஒழுங்குபடுத்தி மண்ணில் சேரும் கார்பனை விற்பது அவற்றில் ஒன்று. இத்தகைய ஒப்பந்தங்கள் பல பத்தாண்டுகளுக்கு எழுதப்படுகின்றன. விற்கும் உரிமை மறுபடியும் நிலத்துக்கு உரியவருக்கே. மனைவியின் கையெழுத்தும் இல்லாமல் ஒப்பந்தம் செல்லாது என்று ஒரு விதி, வருமானத்தின் ஒரு பங்கு பெண்களின் கூட்டுக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும் என்று இன்னொரு விதி. நிதி தருகிறவர்கள் நிபந்தனையாக வைக்கக்கூடியவை இவை. மேய்ச்சலுக்கும் அறிக்கைக்கும் தணிக்கைக்கும் பக்கம் பக்கமாக நிபந்தனை வைக்கத் தெரிந்தவர்கள்தானே அவர்கள்.