ஆறாவது குரல்

விமரிசனம் செய்ய ஒரு புத்தகம் வேண்டும் என்பது பொதுவான அபிப்பிராயம். இந்த மாதம் நான் எடுத்துக்கொண்டிருப்பது புத்தகம் அல்ல, ஒரே ஒரு தாள். அதில் ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. குறுக்கே சில கோடுகள், அவற்றின்மேல் வரிசை வரிசையாகப் புள்ளிகள், ஆங்காங்கே சிறு பெருக்கல் குறிகள், அவ்வளவுதான். மின்சாரத்தால் ஒலிக்கும் இசைக் கருவிகளை வீட்டு மேஜையிலேயே கட்டிப் பார்க்கும் ஆசைக்காரர்களுக்காக வரையப்பட்ட ஸ்ட்ரிப்போர்டுப் படம் அது. இலக்கியப் பத்தியில் இதற்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். எழுதியவன் ஒருவன், படிக்கிறவன் ஒருவன், இருவருக்கும் நடுவே ஓர் உருவம் என்று இருக்கிற எதையும் விமரிசிக்கலாம் என்பது என் கட்சி.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரிப்போர்டு என்பது மெல்லிய பலகை. அதில் 2.54 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில், துளைகள் போட்டிருக்கும். பலகையின் ஒரு பக்கத்தில் ஒவ்வொரு துளை வரிசையையும் ஒட்டி ஒரு செப்புப் பட்டை ஓடும். 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வெரோ நிறுவனத்தார் கண்டுபிடித்தது. வெரோபோர்டு என்று அவர்கள் வைத்த பெயராலேயே அந்த நாட்டில் பலர் இன்றும் இதை அழைக்கிறார்கள். உறுப்புகளைச் செம்பில்லாத பக்கத்தில் வைத்து, கால்களைத் துளை வழியே மறுபக்கம் நீட்டி, ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஒரே பட்டையில் நிற்கும் கால்கள் எல்லாம் ஒன்றோடொன்று உறவு. உறவு வேண்டாத இடத்தில் பட்டையை வெட்டிவிட வேண்டும். படத்தில் உள்ள பெருக்கல் குறி அந்த வெட்டைத்தான் குறிக்கிறது. எட்டி இருக்கும் இரண்டு பட்டைகளுக்கு உறவு வேண்டுமானால் ஒரு துண்டுக் கம்பியைப் போட்டு இணைக்க வேண்டும்.

இந்த மூன்றையும் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது நம் யாப்புதான். பட்டை என்பது அடி. கம்பி என்பது தளை. எங்கே நிறுத்துவது, எங்கே இணைப்பது என்பதில்தான் புலமை. மின்சுற்றைக் காகிதத்தில் வரைகிறவன் கோட்டை எந்தத் திசையிலும் இழுக்கலாம். பலகைக்கு வரைகிறவனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. செம்பு ஒரே திசையில்தான் ஓடும். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் தன் பொருளைச் சொல்லி முடிக்க வேண்டும். வெண்பா எழுதியவர்களுக்கு இந்தக் கஷ்டமும் தெரியும், இதில் இருக்கிற சுகமும் தெரியும்.

கட்டுப்பாடு இருக்கிற இடத்தில் வித்தை காட்டும் ஆசையும் வந்துவிடுகிறது. உதாரணத்துக்கு 1966-ல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். கிதாரின் ஒலியைக் கரகரப்பாக்கிக் கொடுக்கும் வட்டமான உலோகப் பெட்டி, ஜிமி ஹென்ட்ரிக்ஸ் காலால் மிதித்துப் புகழ் பெற்றது. உள்ளே இருப்பது இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெஸிஸ்டர், மூன்று கப்பாசிட்டர், திருகு குமிழ் இரண்டு. மொத்தம் பதினொன்று. இந்தப் பதினொன்றைப் பலகையில் அடுக்குவதற்கு எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் படம் போட்டிருக்கிறார்கள். அவற்றில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதல் படம் தபால்தலை அளவு. ஒரு துளைகூட வீணாகவில்லை. ரெஸிஸ்டர்கள் படுக்க இடமில்லாமல் நின்றுகொண்டிருக்கின்றன. பார்த்தவுடன் "பலே!" என்று சொல்லத் தோன்றும். இரண்டாவது படம் அதைப் போல் இரண்டு மடங்கு. இடப்புறம் ஒலி நுழைகிறது, வலப்புறம் வெளியேறுகிறது. நடுவே இரண்டு டிரான்சிஸ்டர்களும் மின்சுற்றுப் படத்தில் எந்த முறையில் நிற்கின்றனவோ அதே முறையில் நிற்கின்றன. சுற்றிலும் கொஞ்சம் காலி இடம்.

முதலாவதுதான் கலை என்று பலர் சொல்லக்கூடும். நான் இரண்டாவதன் பக்கம். ஏன் என்று சொல்கிறேன். இந்தக் கருவியில் முதலில் போட்டது ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். அது ஒன்றைப் போல் ஒன்று இராது. ஒரே பெயர் பொறித்த இரண்டை வாங்கினால், ஒன்று பாடும், மற்றொன்று இருமும். நாலைந்தை மாற்றி மாற்றிப் போட்டுக் காதால் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றுவதற்கு விரலோ குறடோ நுழைய இடம் விடாத படம், கட்டுகிறவனுடைய கஷ்டத்தை நினைத்துப் பார்க்காத படம். இன்னொன்று, அதிகமாகப் பெருக்கிக் கொடுக்கும் சுற்றுகளில் நுழையும் பட்டையும் வெளியேறும் பட்டையும் அடுத்தடுத்து ஓடினால், வெளியே போன ஒலி திரும்ப உள்ளே கசிந்து கருவி தானாகவே கீச்சிட ஆரம்பித்துவிடலாம். ஆகவே காலி இடம் என்பது சோம்பேறித்தனம் அல்ல. நல்ல சிறுகதையில் சொல்லாமல் விட்ட இடத்துக்கு என்ன மதிப்போ, அதே மதிப்பு அதற்கும் உண்டு.

இவ்வளவையும் நாற்காலியில் சாய்ந்தபடி தீர்ப்பாகச் சொல்லிவிடலாம். ஆனால் சமைக்கத் தெரியாதவன் சாப்பாட்டைக் குறை சொல்வது போல் ஆகக்கூடாதே என்று, நானும் ஒன்றைக் கட்டிப் பார்த்தேன். எடுத்துக்கொண்டது 40106 என்ற ஐ.சி. பதினான்கு கால் உள்ள சிறு கறுப்புப் பூச்சி. நிக்கோலஸ் காலின்ஸ் 2006-ல் வெளியிட்ட, கையால் செய்யும் மின்னிசை பற்றிய புத்தகத்தில் இந்த வகைக்குப் பெரிய இடம் உண்டு. உள்ளே ஆறு அறைகள். ஒவ்வோர் அறையும் தனக்குள் வருவதைத் தலைகீழாக்கி வெளியே விடும். ஓர் அறையின் வாசலுக்கும் கொல்லைக்கும் நடுவே ஒரு ரெஸிஸ்டரைப் போட்டு, வாசலில் ஒரு கப்பாசிட்டரைக் கட்டிவிட்டால் போதும். கப்பாசிட்டர் நிரம்பும், அறை கவிழும், கப்பாசிட்டர் வடியும், அறை நிமிரும். விநாடிக்குப் பல நூறு தடவை இது நடந்தால் அதுவே ஒரு ஸ்வரம். ரெஸிஸ்டருக்குப் பதில் திருகு குமிழைப் போட்டால் சுருதியை ஏற்றலாம், இறக்கலாம். ஆறு அறைக்கு ஆறு குரல்.

ரிச்சி தெருவில் சாமான் வாங்கினேன். படத்தைப் பார்த்து, துளை எண்ணி, நான்கு நாள் மாலை உட்கார்ந்து வேலை செய்தேன். ஐ.சி.யின் இரண்டு வரிசைக் கால்களும் எதிரெதிரே ஏழு பட்டைகளில் நிற்கும். எதிரெதிர்க் கால்கள் ஒட்டாமலிருக்க நடுவே ஏழு வெட்டு. பலகையைத் திருப்பினால் இடம் வலமாகிவிடும். புதியவர்கள் வழுக்கி விழுவது அங்கேதான். நான் விழவில்லை. ஏழும் சரியான இடத்தில் வெட்டினேன். ஒன்பது வோல்ட் பாட்டரியை மாட்டினேன். நான்கு குரல்கள் பாடின. முதலாவதும் ஆறாவதும் மட்டும் ஒரு சீறலோடு சரி.

தனித்தனியே கேட்டுப் பார்த்தேன். இரண்டும் உயிரோடுதான் இருந்தன. ஒரே சுருதியில் இருந்தன. முதல் குமிழைத் திருகினால் இரண்டும் சேர்ந்து ஏறின. ஆறாவது குமிழைத் திருகினால் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டையும் சேர்த்தால் அநேகமாக மௌனம். படத்தோடு மூன்று தடவை ஒப்பிட்டேன். ஒரு துளைகூட மாறவில்லை.

என் தம்பி மகன் வெளியூரில் இருக்கிறான். தொலைபேசியில் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "படத்தைப் பார்த்து வச்சீங்களா பெரியப்பா, சுற்றைப் பார்த்து வச்சீங்களா?"

"படத்தைப் பார்த்துத்தான்" என்றேன்.

"அப்ப இரண்டாவது பட்டையில் வெட்டு சரியா விழலை. லென்ஸ் வச்சுப் பாருங்க."

பார்த்தேன். தலைமயிர் அளவுக்குச் செம்பு மிச்சமிருந்தது. பலகையைக் கண்ணால் காணாமலே அவன் சொல்லிவிட்டான். அந்தப் பட்டையில் ஒரு பக்கம் நிற்பது இரண்டாவது கால், முதல் அறையின் கொல்லை. எதிரே நிற்பது பதின்மூன்றாவது கால், ஆறாவது அறையின் வாசல். முதல் குரல் நேரே ஆறாவதன் வாயில் புகுந்துவிட்டது. ஆறாவது அதைத் தலைகீழாக்கி வெளியே விட்டது. ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போயிற்று. சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. சுற்றைப் புரிந்துகொண்டவனுக்கு நோயைக் கேட்டதுமே இடம் தெரிந்துவிட்டது. படத்தை மட்டும் பார்த்த எனக்கு, படம் சரி என்பதற்குமேல் எதுவும் தெரியவில்லை.

என் குற்றச்சாட்டு இப்போது வாசகருக்கு விளங்கியிருக்கும். 1964-ல் தொடங்கிய பிராக்டிகல் எலெக்ட்ரானிக்ஸ் போன்ற ஆங்கிலப் பத்திரிகைகள் பலகைப் படத்தோடு மின்சுற்றையும் போட்டு, அது எப்படி வேலை செய்கிறது என்பதையும் எழுதுவது வழக்கம். இன்று தனியே சுற்றி வரும் படங்கள் ஏராளம். அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்வதை நான் இகழமாட்டேன். குறளை அப்படித்தான் நாமெல்லாம் படித்தோம். ஆனால் அர்த்தம் தேவைப்படும் நாளில் உரை பக்கத்திலேயே இருந்தது. நல்ல அமைப்புப் படத்துக்கு என் இலக்கணம் மூன்றுதான்: பக்கத்தில் சுற்று இருக்க வேண்டும், இரண்டிலும் உறுப்புகளுக்கு ஒரே எண் இருக்க வேண்டும், மாற்றுவதற்கு இடம் இருக்க வேண்டும். என் கையில் இருந்த தாளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அழகு மட்டும் இருந்தது.

இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் ஒரு பழைய கடன் பாக்கி இருக்கிறது. என் நாவல் ஒன்றில் அப்பாவை எதிர்த்து நிற்கும் மகள் ஒருத்தி வருகிறாள். அவளைப் புதுமைப் பெண் என்று பலர் பாராட்டினார்கள். ஒரு வாசகி மட்டும், "அந்தப் பெண் ஒரு வார்த்தைகூடத் தானாகப் பேசவில்லை. அப்பா சொல்வதையே திருப்பிச் சொல்கிறாள்" என்று எழுதியிருந்தார். கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. புரியாதவர் என்று நினைத்தேன்.

லென்ஸை வைத்துப் பார்த்த அன்று இரவு அந்த அத்தியாயங்களை எடுத்துப் படித்தேன். அவர் சொன்னது சரி. அவர் 'வா' என்றால் இவள் 'மாட்டேன்' என்கிறாள், அவர் 'மாட்டேன்' என்றால் இவள் 'வா' என்கிறாள். எதிர்ப்பதையே சுதந்திரம் என்று நான் எண்ணிவிட்டேன். இருவரும் சேர்ந்து வரும் காட்சிகளில் சத்தம் நிறைய இருக்கிறது, ஒலி இல்லை.

பலகையில் இருந்த செம்பை மறுநாள் சுரண்டி எடுத்துவிட்டேன். இப்போது ஆறு குரலும் தனித்தனியே பாடுகின்றன. நாவல் அச்சாகிப் பல பதிப்பு வந்துவிட்டது. அதில் இனி எதையும் வெட்ட முடியாது. அந்த வாசகிக்கு மட்டும், தாமதமாகத்தான், பதில் எழுதிவிட்டேன்.